சோகை பிடித்த மீன்கள்

மெரிலேண்ட்ஸ், சிட்னி
11 பெப்ரவரி 2024

அன்புள்ள மச்சாள் இரஞ்சிதத்துக்கு,

நான் சுகம். நீர் சுகமாக இருக்கிறீர் என்பது உம்முடைய கடிதத்தின் நீளத்திலேயே தெரிகிறது. சுகமில்லாதவர்கள் இத்தனை பக்கம் எழுதமாட்டார்கள்.

முதலில் அலுவல். இத்துடன் வரும் பிளாஸ்ரிக் பைக்குள் பச்சைக் கம்பளி நூல் குஞ்சம் ஒன்று இருக்கிறது. நூலோடு ஒட்டியிருப்பவை நீலக்கண் மீனின் முட்டைகள். கண்ணாடி போட்டுக்கொண்டு பாரும். போன முறை கண்ணாடி போடாமல் பார்த்துவிட்டு, வெறும் நூலை அனுப்பியிருக்கிறேன் என்று எழுதினீர். பிறகு அந்த வெறும் நூலிலிருந்து ஒரு தொட்டி நிறைய மீன் வந்தது. தபால்காரர் பையை வாசலில் போட்டுவிட்டுப் போனால் வெயில் படுவதற்கு முன்னர் எடுத்து உள்ளே வையும்.

இனி உம்முடைய செய்தி. நமது வானவில் மீன் சங்கம் - நமது என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், உங்களுடைய வானவில் மீன் சங்கம் - குயின்ஸ்லாந்தில் ஒரு மாட்டுப் பண்ணைக்காரியிடம் அனுமதி வாங்கி, பண்டிகூட் ஓடையின் அருவிக்கு மேலேயுள்ள மடுக்களில் மீனைத் திரும்ப விடப் போகிறது என்று எழுதியிருந்தீர். வாசித்ததும் கதிரையிலிருந்து எழும்பி நின்றுவிட்டேன். மகள் வினுஷா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பா, ஆரும் செத்துப் போச்சினமோ?" என்று கேட்டாள்.

"இல்லை, ஓர் ஓடைக்கு உயிர் வரப் போகுது" என்றேன். அவள் திரும்பவும் வெங்காயம் வெட்டப் போய்விட்டாள்.

உமக்கு விளங்கும். உலகத்திலேயே அந்த ஓர் ஓடையில் மட்டும் இருந்த மீன். எவனோ ஒருவன் வேறொரு வானவில் மீனைக் கொண்டுவந்து அருவிக்குக் கீழே விட்டான். இரண்டும் கலந்து, இன்றைக்கு அந்த ஓடையில் அசல் மீன் ஒன்றுகூட இல்லை. அருவியை எந்த மீனாலும் ஏற முடியாது, அதனால் மேல் மடுக்களில் கலப்பும் இல்லை, மீனே இல்லை. மிச்சம் இருப்பது நம்மைப் போல ஒரு சிலருடைய வீட்டுத் தொட்டிகளில். அவற்றில் மிகச் சிறந்தது என்னுடைய விருந்தினர் அறையில் இருப்பதுதான் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

ஆனால், மீன் அசலா என்று மரபணுப் பரிசோதனை செய்து பார்ப்பதற்காக எல்லோரிடமும் வால் நுனி கேட்கிறானாம் செயலாளர் கெவின். நான் கொடுக்கமாட்டேன்.

ஏன் என்பது உமக்கு ஞாபகமில்லாவிட்டால் ஞாபகப்படுத்துகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னர் பரமட்டா மண்டபத்தில் சங்கத்தின் கண்காட்சி. நடுவர் நீர். என்னுடைய பண்டிகூட் ஆண் மீன் உடம்பு முழுக்கச் செம்பாக, செட்டை நுனியில் மஞ்சளாக, மாப்பிள்ளை மாதிரி நின்றது. பார்க்க வந்த பிள்ளைகள் அந்தத் தொட்டியைவிட்டு நகரவில்லை. நீர் இரண்டாம் பரிசு கொடுத்து, அட்டையில் "நிறம் அதிகம்" என்று எழுதினீர். சொந்த மாமாவின் மகனுக்கு. நிறம் அதிகம் என்று ஒரு குற்றத்தை நான் அதற்கு முன்னும் கேள்விப்படவில்லை, பின்னும் கேள்விப்படவில்லை. அன்றைக்கே சங்கத்திலிருந்து விலகினேன்.

மீன் வளர்ப்பை எனக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித் தரவில்லை. ரயில் பணிமனையில் வேலை முடித்து வந்து, மெரிலேண்ட்ஸ் நூலகத்தில் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானாகப் படித்தேன். என் மீன் அசல் என்பது எனக்குத் தெரியும். கெவினுக்குத் தெரிய வேண்டுமானால் வந்து பார்க்கட்டும். வரும்போது ஒரு மன்னிப்பும் கொண்டு வரட்டும்.

நீரும் கொண்டு வரலாம்.

இப்படிக்கு,
மு. ஜெயரட்ணம்


நோபல் பார்க், மெல்பேண்
25 பெப்ரவரி 2024

அன்புள்ள ஜெயம் மச்சானுக்கு,

முட்டைகள் பத்திரமாக வந்து சேர்ந்தன. கண்ணாடி போட்டுத்தான் பார்த்தேன். குஞ்சுகள் வெளியே வரத் தொடங்கிவிட்டன. இரண்டு கண்ணும் ஒரு வாலும்தான் தெரிகிறது. மற்றதெல்லாம் இனித்தான் முளைக்க வேண்டும்போல. காலையில் தேத்தண்ணீரோடு பக்கத்தில் இருந்து பார்த்தால் தேத்தண்ணீர் ஆறிவிடுகிறது.

என் முழங்கால்தான் சொல்வழி கேட்பதில்லை. மாடிப்படி இல்லாத வீடு என்று சந்தோஷப்பட்டு வாங்கினேன். இப்போது வாசற்படியே மாடியாகத் தெரிகிறது. சத்திரசிகிச்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கூப்பிடும்போது போக வேண்டும்.

மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். என்னிடம் கைவசம் இல்லை. நடுவர் கதிரையில் இருந்தால் மச்சான் என்றும் மாமா மகன் என்றும் பார்க்க முடியாது. மீன் சேகரிக்கும் அந்தக் கேர்ன்ஸ்காரர் முதன்முதலில் ஓடையில் பிடித்து உங்களுக்கு அனுப்பிய மீன்களை நானும் பார்த்திருக்கிறேன். அவற்றில் அந்தச் செம்பு நிறம் இல்லை. அதைத்தான் எழுதினேன். மூன்றாம் பரிசு வாங்கியவர் மறுநாளே எனக்குப் போன் எடுத்து, அடுத்த முறைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டார். இரண்டாம் பரிசு வாங்கியவர் ஆறு வருடமாக முகம் காட்டவில்லை. நான் போன் எடுத்தால் வைத்துவிடுவார். கடிதத்தை மட்டும் பிரிப்பார், உள்ளே முட்டை இருக்கும் என்பதால்.

பரிசோதனை அவமானமில்லை, மச்சான். எல்லோரும் கொடுக்கிறார்கள். நானும் என் குசினித் தொட்டியில் இருக்கும் சோகைகளின் வால் நுனியைக் கொடுத்துவிட்டேன். சோகை என்று பெயர் வைத்தது நீங்கள்தான். கேர்ன்ஸ்காரரின் இரண்டாவது தொகுதி வந்ததும், தொட்டி போதாது என்று முதல் தொகுதி மீன்கள் அத்தனையையும் வெள்ளை ரெஜிபோம் நுரைப்பெட்டியில் போட்டு என் கையில் தந்தீர்கள். "இதுகள் சோகை பிடிச்ச மீனுகள், மச்சாள். குசினிக்குள்ள வைச்சுப் பாரும். பெரிசா ஒண்டும் வராது" என்றீர்கள். பெரிதாக ஒன்றும் வரவில்லைதான். இன்றைக்கும் வெளிறித்தான் இருக்கின்றன. விருந்தினர் வந்தால், "அன்ரி, இந்தத் தொட்டிக்குள்ள மீன் இருக்கோ?" என்று கேட்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பரிசோதனையில் தேறாத மீன் ஓடைக்குப் போகாது. அது கெவினின் சட்டம் இல்லை, அரசாங்கத்தின் சட்டம். வால் நுனி தராவிட்டால் உங்கள் மீன்கள் விருந்தினர் அறையிலேயே கிழடாகிப் போகும். இத்தனை வருடம் அவற்றுக்காக நீங்கள் ஊருக்குக்கூடப் போகவில்லை. கலியாண வீடுகளில் பாதியில் எழும்பி ஓடினீர்கள். ஓடை திறக்கிற நேரத்தில் கதவடியில் கோபித்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

வெட்டின நுனி கொஞ்ச நாளில் வளர்ந்துவிடும். யோசியுங்கள்.

உங்கள்,
இரஞ்சிதம்


மெரிலேண்ட்ஸ்
17 மார்ச் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

நான் மனம் மாறவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இத்துடன் சின்னக் குப்பிகள் கொஞ்சம் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு வால் நுனி. சங்கத்துக்கு அனுப்பமாட்டேன் என்று சொன்னேன், அனுப்பவில்லை. சொந்த மச்சாளுக்கு அனுப்புகிறேன். மச்சாள் அதை யாரிடம் கொடுக்கிறார் என்பது மச்சாளின் பாடு.

வெட்டுவதற்கு வினுஷாவைத் துணைக்குக் கூப்பிட்டேன். வாளித் தண்ணீரில் கராம்பு எண்ணெய் ஒரு சொட்டு விட்டதும் மீன்கள் ஒவ்வொன்றாக மயங்கின. வீடு முழுக்கப் பல் வைத்தியரின் அறைபோல மணத்தது. சின்னக் கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டு எடுத்துத் தந்துவிட்டு அவள் கேட்டாள்:

"அப்பா, இதுகளுக்கு நோகாதோ?"

"நோகாது. உனக்குத் தலைமயிர் வெட்டேக்க நோகுதோ?"

"பின்னை ஏன் உங்கட கை நடுங்குது?"

"கை நடுங்கேல்லை. லைற் ஆடுது."

அவள் விளக்கை அண்ணாந்து பார்த்தாள். அடுத்த மீனை எடுத்துத் தந்தாள். நல்ல பிள்ளை. நல்ல தண்ணீரில் விட்டதும் எல்லா மீனும் எழும்பி, சாப்பாடு எங்கே என்று கேட்டு முன்கண்ணாடிக்கு வந்தன.

கோயிலில் சிநேகிதர் விக்னராஜாவிடம் செய்தியைச் சொன்னேன். "ஒரு மீனைத் தண்ணியில விட ஏன் காணும் குயின்ஸ்லாந்து வரைக்கும் போறீர்? பரமட்டா ஆறு பக்கத்திலதானே ஓடுது" என்றார். பொங்கல் சூடாக இருந்தது, நான் அதைக் கவனித்தேன்.

வெயிலுக்கு அகலத் தொப்பி ஒன்று வாங்கிவிட்டேன். மடுக்கரையில் பலகை ஏதாவது வைப்பதாக இருந்தால் என் பெயரை முழுதாக எழுதச் சொல்லும். கெவின் என்னை ஜே என்று கூப்பிடுகிறவன். மண்டபத்தில் பொறுத்தேன், பலகையில் பொறுக்கமாட்டேன்.

முழங்காலுக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடும். மாத்திரையை மட்டும் நம்பவேண்டாம்.

இப்படிக்கு,
மு. ஜெயரட்ணம்


நோபல் பார்க்
26 மே 2024

அன்புள்ள ஜெயம் மச்சானுக்கு,

இந்தக் கடிதத்தைத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன். பரிசோதனை முடிவு வந்து கொஞ்ச நாளாகிறது. உங்களுக்குத் தானே மின்னஞ்சல் போடுவதாகக் கெவின் சொன்னார். வேண்டாம், அவர் என் மாமாவின் மகன், நான் சொல்கிறேன் என்றேன். சொல்லியும் இத்தனை நாள் எடுத்துவிட்டேன்.

உங்கள் மீன்கள் கலப்பு, மச்சான். எல்லாக் குப்பியும்.

நடந்தது இதுதான் என்கிறார்கள். கேர்ன்ஸ்காரர் முதல் முறை பிடித்தபோது ஓடை சுத்தமாக இருந்தது. சில வருடம் கழித்து அவர் இரண்டாவது தொகுதியைப் பிடித்தபோது மற்ற மீன் உள்ளே வந்து கலந்துவிட்டது. அப்போது அது ஒருவருக்கும் தெரியாது. அந்தச் செம்பு நிறம் வந்து கலந்தவனுடைய நிறம். நீங்கள் பிழை ஒன்றும் செய்யவில்லை. இரண்டு தொகுதி இருந்தது, ஒன்று வடிவு, ஒன்று வடிவில்லை. யாராக இருந்தாலும் வடிவானதைத்தான் வைத்திருப்பார்கள்.

என் குசினித் தொட்டி மீன்கள் தேறிவிட்டன. நான் அதற்காக எதுவும் செய்யவில்லை. எனக்குப் பொறுக்கத் தெரியாது. நல்ல மீன், நோஞ்சான் மீன் எல்லாவற்றின் முட்டையையும் ஒரே குஞ்சத்தில் எடுத்தேன், அவ்வளவுதான். மற்றவர்கள் வைத்திருந்தவையும் இரண்டாவது தொகுதியின் பிள்ளைகளே. ஆகவே ஓடைக்குப் போவது இந்தச் சோகைகள் மட்டும்.

அவை நீங்கள் தந்தவை. கெவினிடம் சொல்லிவிட்டேன்: பதிவில் ஜெயரட்ணத்தின் மீன் என்று போடுங்கள், நான் பார்த்துக்கொண்டவள் மட்டும் என்று. உங்களுக்குச் சம்மதம் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

கோபம் வந்தால் வேறு யாரிடமும் காட்டவேண்டாம். என்னிடமே காட்டுங்கள், எனக்குப் பழக்கம்.

உங்கள்,
இரஞ்சிதம்


மெரிலேண்ட்ஸ்
2 யூன் 2024

இரஞ்சிதம்,

கடிதம் கிடைத்தது. ஆய்வுகூடத்தில் குப்பியை மாற்றிப் போட்டிருக்கிறார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

உம்முடைய மீனுக்கு என் பெயர் வேண்டாம். இரவல் பெயரில் ஓர் ஓடைக்குப் போகும் நிலைக்கு நான் இன்னும் வரவில்லை. அந்த மீனை நான் உமக்குத் தந்தது நல்லது என்று நினைத்து அல்ல, கெட்டது என்று நினைத்து. அதை மறைத்து எனக்கு நீர் பெருமை தேடித் தரவேண்டாம்.

இத்துடன் முட்டை எதுவும் இல்லை.

மு. ஜெயரட்ணம்


நோபல் பார்க்
14 யூலை 2024

அன்புள்ள ஜெயம் மச்சானுக்கு,

பதில் வராது என்று தெரிந்தே எழுதுகிறேன். ஒருவர் எழுதாவிட்டால் மற்றவர் எழுதக்கூடாது என்று சட்டம் இல்லை.

இங்கே குளிர் எலும்புக்குள் போகிறது. மகன் பிரஷாந்தன் வந்து என் அறைக்கு ஹீற்றர் வைத்தான். நான் அதைக் குசினித் தொட்டிப் பக்கம் திருப்பி வைத்தேன். அவன் திரும்பவும் என் பக்கம் திருப்பினான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காத நேரம் பார்த்து இதைச் செய்துகொண்டிருக்கிறோம்.

முழங்காலுக்கு நாள் கிடைத்துவிட்டது. ஓகஸ்ட் கடைசியில். மீன் விடுகிற அதே கிழமை. தள்ளிப் போட்டால் திரும்ப எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது. அதனால் நான் போகவில்லை. கெவின் தனியாகக் கொண்டு போகிறார்.

கெவின் நல்ல மனிதர். ஆனால் போன கண்காட்சிக்கு மீன் கட்டியபோது பார்த்தேன். பையின் வாய்வரைக்கும் தண்ணீரை நிரப்பினார், காற்றுக்கு இடமே விடவில்லை. தண்ணீர் கூடினால் மீனுக்குச் சந்தோஷம் என்று நினைக்கிறார். பெட்டியையும் சந்தைக்குப் போகிறவர் கூடையைத் தூக்குவதுபோல ஒரு கையில் ஆட்டிக்கொண்டு போனார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை, மச்சான். நடந்ததை எழுதுகிறேன்.

பிரஷாந்தன் நேற்று, "அம்மா, ஜெயம் மாமா வருவாரோ?" என்று கேட்டான்.

"வரமாட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான்" என்றேன்.

"அவர் வரமாட்டன் எண்டு சொன்னவரோ?"

"இல்லை. நான் இன்னும் கேக்கேல்லையே."

உங்கள்,
இரஞ்சிதம்


மெரிலேண்ட்ஸ்
4 ஓகஸ்ட் 2024

அன்புள்ள மச்சாளுக்கு,

ஆய்வுகூடம் சொன்னது பிழை என்று நிரூபிப்பதற்காக யூன், யூலை இரண்டு மாதத்தையும் செலவழித்தேன். அதனால்தான் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர். கோபமும் இருந்தது.

முதல் தொகுதியில் செத்த மீன்கள் சிலவற்றை அந்தக் காலத்திலேயே ஸ்பிரிற் போத்தலில் போட்டு வைத்திருந்தேன். அவற்றை வெளியே எடுத்து, பூதக்கண்ணாடியை விளக்குக் கம்பியில் கட்டி, முதுகுச் செட்டையில் உள்ள முள்ளுகளை எண்ணினேன். பிறகு என் விருந்தினர் அறை மீன்களில் செத்தவற்றில் எண்ணினேன். திரும்பத் திரும்ப எண்ணினேன். வினுஷாவைக் கூப்பிட்டு, எது எது என்று சொல்லாமல் அவளையும் எண்ண வைத்தேன்.

இரண்டும் ஒரே மீன் இல்லை.

ஆகவே ஆய்வுகூடம் சொல்லி நான் ஒப்புக்கொண்டேன் என்று கெவினிடம் சொல்லிவிட வேண்டாம். நானாகக் கண்டுபிடித்தேன். அவர்களும் அதே முடிவுக்கு வந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

என் மீன்களைப் பிரித்துவிட்டேன். ஆண்கள் ஒரு தொட்டி, பெண்கள் ஒரு தொட்டி. கலப்பு முட்டை இனி ஒருவர் கைக்கும் போகக்கூடாது. சங்கத்தில் சிலர் இப்படியான மீனைக் கொன்றுவிடுவார்கள் என்று தெரியும். நான் செய்யமாட்டேன். அதுகள் கேட்டுக் கலக்கவில்லை. வினுஷா வந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது இப்ப ஹொஸ்டலோ?" என்றாள்.

"ஓம். வார்டன் நான்" என்றேன்.

ஒரு விஷயம் எனக்கே விளங்கவில்லை. காலையில் விளக்கைப் போட்டால் ஆண்கள் முழுப்பேரும் முன்பு மாதிரியே செம்பாக மின்னிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். உண்மை தெரிந்த பிறகு பார்க்கக் கசக்கும் என்று நினைத்தேன். கசக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, முன்பு எவ்வளவு நேரம் பார்த்தேனோ அவ்வளவு நேரமும் பார்க்கிறேன். இன்னும் சில வருடம் இருப்பார்கள். இருக்கட்டும்.

இனிக் கெவின். பையின் வாய்வரைக்கும் தண்ணீர் நிரப்பினான் என்று எழுதினீர். நீர் தூண்டில் போடுகிறீர் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. முள்ளு வெளியே தெரிகிற மாதிரி அல்லவா போட்டிருக்கிறீர். ஆனால் பையில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர், மிச்சம் காற்று என்பது தெரியாதவன் கையில் உலகத்தின் கடைசி மீனை எப்படி விடுவது?

வருகிறேன். உமக்காக அல்ல, மீனுக்காக. பஸ்ஸில் வருகிறேன். பைகளை நான்தான் கட்டுவேன். விமானத்தில் நானும் கூடப் போவேன். கெவின் பெட்டியைத் தொடக்கூடாது, காரை ஓட்டலாம். புறப்படும் முதல்நாள் மீன்களுக்குச் சாப்பாடு போடவேண்டாம், பை அழுக்காகும்.

எனக்குப் போடலாம்.

இப்படிக்கு,
மு. ஜெயரட்ணம்


டவுன்ஸ்வில்லுக்கு மேற்கே, மோட்டல் ஒன்றில்
29 ஓகஸ்ட் 2024

அன்புள்ள இரஞ்சிதம்,

வினுஷாவும் பிரஷாந்தனும் போனில் கதைத்துக்கொண்டார்கள். புது முழங்கால் நல்லபடியாகப் பூட்டியாயிற்று, நீர் தாதிமாரை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறீர் என்று தெரிந்தது. நன்று. பயிற்சிக்காரி நட என்றால் நடவும். அவளோடு வாதாடவேண்டாம்.

உம்முடைய வீட்டுக் கத்தரிக்காய்ப் பால்கறியில் உப்புக் குறைவு. பை கட்ட வந்த அன்றைக்கே சொல்லியிருப்பேன், வாய் நிறையச் சோறு இருந்தது.

அன்றைக்குச் சொல்லாத இன்னொன்றும் இருக்கிறது. நீர் உள்ளே தேத்தண்ணீர் போடப் போனபோது குசினித் தொட்டிக்கு முன்னால் நின்றேன். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்த மீன்களைப் பார்க்கிறேன். நீர் திரும்பி வந்து, "என்ன மச்சான், இன்னும் சோகைதானே?" என்று கேட்டீர். நான் பதில் சொல்லவில்லை. தெரியாமல்தான் சொல்லவில்லை.

மீன்கள் எல்லாம் உயிரோடு வந்து சேர்ந்தன. ஒன்றுகூடத் தவறவில்லை. பைகளைக் கட்டியது யார் என்று உமக்குத் தெரியும். கெவின் காரை நன்றாகவே ஓட்டினான். வழியெல்லாம் பள்ளம் தெரிந்தால் எனக்கு முன்கூட்டியே சொன்னான், நான் பெட்டியை மடியில் தூக்கி வைத்தேன். இனிச் சங்கத்துக்கு வரமாட்டீர்களா என்று கேட்டான். யோசிக்கிறேன் என்றேன். அவனை யோசிக்க வைப்பதற்காக அப்படிச் சொன்னேன்.

பண்ணைக்காரியின் பெயர் டெப். நம்முடைய வயதுதான் இருக்கும். ஒரு பழைய லொறி, பின்னால் ஒரு நாய், முன்னால் நாங்கள். அவளுடைய காணிக்குள்ளேயே அரை நாள் ஓடலாம்போல் இருக்கிறது. கேற்றுக்கு மேல் கேற். ஒவ்வொன்றையும் திறந்து பூட்டுவது கெவினின் வேலை. டெப் என் மடியில் இருந்த பெட்டியைப் பார்த்து, "உங்கட மீனோ?" என்று கேட்டாள்.

"இல்லை. என்ர மச்சாளின்ர. நான் கொண்டுவந்து குடுக்கிற ஆள்."

"மச்சாள் எண்டால் என்ன முறை?"

இங்கிலீசில் அதை எப்படிச் சொல்வது? தகப்பனின் தங்கச்சியின் மகள் என்று தொடங்கினேன். அடுத்த கேற் வந்துவிட்டது. கடைசியில், "சாகும்வரைக்கும் சண்டை பிடிக்க உரிமை உள்ள ஆள்" என்றேன். அவள் சிரித்து, தனக்கும் அப்படி ஒருத்தன் இருக்கிறான், பக்கத்துப் பண்ணையில் என்றாள்.

கடைசிக் கேற்றிலிருந்து நடக்க வேண்டும். பெட்டிகளை நாங்கள் மூன்று பேரும் சுமந்தோம். கெவின் தொடக்கூடாது என்று சொன்னது நகரத்துக்குள். காட்டுக்குள் அந்த விதி இல்லை. அருவியின் பக்கத்தால் ஏறி மேலே போனால் முதலாவது மடு. நான் இத்தனை வருடம் நினைத்து வைத்திருந்த ஓடை இருண்டது, இலை மக்கிய தேத்தண்ணீர் நிறம். அப்படி ஒன்றும் இல்லை. தண்ணீர் கண்ணாடி. அடியில் வெள்ளை மணல், அரித்து எடுத்த மாதிரி. கரையில் மட்டும் மர வேர்கள் தண்ணீருக்குள் தொங்கின.

பைகளை அப்படியே மிதக்க விட்டோம், உள்ளே தண்ணீரும் வெளியே தண்ணீரும் ஒரே குளிருக்கு வரும்வரைக்கும். பிறகு ஓடைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டேன். கெவின் மணிக்கூட்டைப் பார்த்தான். அவனை மரத்தைப் பார்க்கச் சொன்னேன்.

பிறகு பையின் வாயைச் சரித்தேன்.

முதலில் ஒன்றும் வெளியே வரவில்லை. குசினியில் பிறந்து குசினியில் வளர்ந்ததுகள். சுவர் இல்லாத தண்ணீரைக் கண்டதில்லை. ஒன்று மட்டும் வாய் விளிம்புவரை வந்து நின்றது. பிறகு போயிற்று. அதன் பின்னால் மற்றதெல்லாம் ஒரே இழுப்பாகப் போயின. இரண்டு முழத் தூரம் போனதும் மறைந்துவிட்டன.

மறைந்துவிட்டன என்றால், நிஜமாகவே காணவில்லை. இடுப்பளவு தண்ணீர், வெள்ளை மணல், மத்தியான வெயில், அதற்குள் மீனைக் காணவில்லை. கெவின் முழங்காலில் நின்று தேடினான். "போய்ட்டுதுகளோ?" என்று டெப் கேட்டாள். எதிர்க்கரைக் கொப்பில் ஒரு மீன்கொத்தி வந்து இருந்தது. அதுவும் தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய்ப் பறந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு மணலில் நிழல்கள் தெரிந்தன. மீன் தெரியவில்லை, நிழல் மட்டும், கூட்டமாக, ஒரே பக்கம் திரும்பிக்கொண்டு. சோகை இல்லை, இரஞ்சிதம். அந்த ஓடைக்கு அதுதான் உடுப்பு. என்னுடைய செம்பு மாப்பிள்ளைகளை இங்கே கொண்டுவந்து விட்டிருந்தால், பொழுது படுவதற்குள் அந்த மீன்கொத்தி இனசனம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு பந்திக்கு வந்திருக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நிறுத்த முடியவில்லை. தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சிரித்தேன். வெயில் பட்டுவிட்டதோ என்று கெவின் தண்ணீர்ப் போத்தலோடு ஓடி வந்தான். அவனுக்கும் நிழலைக் காட்டினேன். அவனும் சிரித்தான். பிறகு மூன்று பேரும் பாறையில் குந்தி இருந்து, இல்லாத மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்றைக்குக் காலையும் போனோம். வேர்களுக்குள் ஒரு பெண் மீன் உரசி உரசிப் போனது. பின்னால் ஓர் ஆண், செட்டை எல்லாம் விரித்து. நூல் குஞ்சத்தை மட்டுமே கண்ட மீன், வேரைக் கண்டதும் அதற்கு என்ன செய்வது என்று தெரிந்திருக்கிறது. ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுவும் என்னைப் போல.

பதிவில் உம்முடைய பெயர் போட்டாயிற்று. கெவின் என்னைப் பார்த்தான், நான்தான் எழுது என்றேன். மறுத்து எழுதவேண்டாம், நான் வாசிக்கமாட்டேன்.

வருகிற வருடம் மேலே உள்ள மற்ற மடுக்களிலும் விட வேண்டுமாம். அதுவரைக்கும் மிச்ச மீன் முழுவதும் உம்முடைய ஒரு குசினியில் இருப்பது சரியில்லை. ஒரு நாள் கரண்ட் போனால் என்ன செய்வீர்? இன்னொரு வீட்டிலும் இருக்க வேண்டும். என் விருந்தினர் அறையில் இடம் இருக்கிறது. நடக்கத் தொடங்கியதும் எனக்கு முட்டை அனுப்பும்.

நூலை நீர் துணி பிழிகிற மாதிரிப் பிழியவேண்டாம்; ஈரம் இருக்கட்டும். திங்கட்கிழமை அனுப்பினால் சனி ஞாயிறு தபாலில் கிடக்காது. எதன் முட்டை நல்லது என்று பார்த்துப் பொறுக்கவேண்டாம். வந்தது வந்தபடி அனுப்பும்.

அன்புடன்,
ஜெயம்